மாதம் நூறு ரூபாயில் ஒரு சங்கம்

நான் தவில் கலைஞன். முகூர்த்த நாளில் மூச்சுவிட நேரமிருக்காது. கல்யாணம் இல்லாத மார்கழியில் தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் தோல் கிழிந்தால் மாற்றக் கடன்தான். பேசிய தொகையில் பாதியைக் கொடுத்து, "மீதி அப்புறம்" என்று அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் தனி ஆளாக என்ன வாதாட முடியும்?

கலைஞர்களுக்கு அரசின் நல வாரியம் வேண்டியதுதான். ஆனால் கூலி பாக்கியைக் கேட்க நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே போதும். ஐம்பது பேர் மாதம் நூறு ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். கருவிப் பழுதுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கலாம்.

புரவலர் பணத்தில் நடக்கும் சங்கம் புரவலர் பேச்சைக் கேட்கும். சந்தாவில் நடப்பது உறுப்பினர் பேச்சைக் கேட்கும். நாகசுரம், தவில், பறை என்று கருவியாலும் சாதியாலும் பிரிந்து நின்றது போதும். ஒரே ரசீதுப் புத்தகத்தில் பெயர் எழுதுவோம்.