இறந்த சொல்லும் இறவாத செயலும்

ஆங்கில அகராதியிலே வழக்கொழிந்தவை எனக் குறிக்கப்பட்ட சொற்களிடத்து எனக்குத் தனியொரு பற்றுண்டு. ‘பிறீக்’ என்பது அத்தகையதொரு சொல். பதினான்காம் நூற்றாண்டிற் சோசர் தமது உரைநடைக் கதையொன்றில் இதனைப் பூசல் என்னும் பொருளில் ஆண்டார். பின்வந்தோர், பதவி வேண்டித் திரைமறைவிற் செய்யும் சூழ்ச்சிக்கு இதனைப் பெயராக்கினர். பூசலைக் குறிக்கும் ‘பிறிகா’ என்னும் இத்தாலியச் சொல்லே பிரெஞ்சின் வழியாக இவ்வுருப் பெற்றது. படைப்பிரிவாகிய ‘பிறிகேட்’டும் கொள்ளையனாகிய ‘பிறிகண்ட்’டும் இதன் உடன்பிறப்புக்கள். அவை வாழ, இது மாண்டது.

பிரெஞ்சு மொழியிலோ இதன் வினைச்சொல் இன்றும் வாழ்கிறது. பதவியை நாடி முயலுதல் என்பதே அதன் பொருள். பழைய இழிவு பெரிதும் நீங்கிவிட்டது. தமிழில் நேர்ந்தது இதற்கு மறுதலை. வள்ளுவர் ‘வினைசெயல்வகை’யில் ஆண்ட ‘சூழ்ச்சி’ ஆராய்ந்தெண்ணுதலையே குறித்தது. இன்று ஒருவரைச் சூழ்ச்சிக்காரர் என்றால் அது வசை. அங்கே இழிந்த சொல் உயர்ந்தது. இங்கே உயர்ந்த சொல் இழிந்தது.

சொற்கள் மாறுவது இயற்கை. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால், செயல் மாறாதிருக்கப் பெயர் மட்டும் மாறுமிடத்து நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வெளிப்படையாக ஆதரவு கேட்பது வேறு. இருளில் ஆள் சேர்த்து, தகுதியுடையோனை வீழ்த்துவது வேறு. இரண்டையும் ‘ஆதரவு திரட்டல்’ என்னும் ஒரே பெயரால் வழங்குவோமாயின், நேர்மையாளனுக்கு நாம் அநீதி செய்தவராவோம். பெயரிழந்த குற்றத்தைக் கண்டிப்பது எங்ஙனம்? ‘பிறீக்’ மாண்டது, அது குறித்த செயல் மாளவில்லை. அதனை அதற்குரிய பெயரால் அழைக்கும் துணிவேனும் நமக்கு வேண்டும்.