பின்னச்சு கூறும் சாட்சி

சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மிடம் ஒரு மடலைக் காட்டினார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றும் அவர்தம் மைந்தர் எழுதியது அது. 1969-ஆம் ஆண்டு மாதிரியான செவ்ரோலே கமாரோ வண்டி ஒன்றை வாங்க அவர் விழைகின்றார். பின்னச்சு உட்பட யாவும் ஆலையில் பூட்டியபடியே உள்ளன என்று கூறி, அதன்பொருட்டே விற்பவர் மிகுவிலை கேட்கின்றாராம். பல்லாண்டுச் சேமிப்பு இதற் செலவாகும். “அச்சொல்லை நம்பலாமா?” என்பது தந்தையின் கவலை. நாம் அறிந்தவற்றை அவருக்கு உரைத்தோம். பழம்பொருள் வாங்கும் எவர்க்கும் பயன்படும் என்பதால் ஈண்டும் எழுதுகிறோம்.

அந்நாட்டார் ‘மசில் கார்’ என வழங்குவது, அளவான உடற்கூட்டில் பேராற்றல் வாய்ந்த இயந்திரத்தைப் பூட்டி விரைவுக்கென்றே அமைத்த வண்டியை. 1964-ஆம் ஆண்டு மாதிரியான பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டிற்று என்பர். இவற்றை வாங்கிய இளைஞர் பந்தயம் ஓட்டினர், பற்சக்கரங்களை உடைத்தனர், வேறு அச்சுகளை மாட்டினர். ஆகவே, ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியின் பின்னச்சு அதனுடன் பிறந்ததுதானா என்று ஐயுறுவது குற்றமன்று.

ஐயம் தீர்க்கும் சாட்சி அவ்வச்சிலேயே உண்டு. பின்னச்சின் நடுவே குடம் போற் புடைத்திருப்பது டிபரென்ஷியல் கூடு. அதன் இருபுறமும் சக்கரங்களை நோக்கிக் குழாய்கள் நீளும். 1969 கமாரோவில், வலப்புறக் குழாயின் முன்முகத்தில், கூட்டை அடுத்து, உளியால் அடித்தாற்போன்ற எழுத்துக்கள் காணப்படும். துருவும் கிரீஸும் அவற்றை மூடியிருக்கும். பிசுக்கு நீக்கும் திரவத்தை ஊறவிட்டு மென்மையான தூரிகையால் துடைத்தல் வேண்டும். சாணை எந்திரத்தையோ சுழலும் கம்பித் தூரிகையையோ அணுகவிடலாகாது. ஆழமற்ற எழுத்துக்கள் துருவோடு போய்விடும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்து, சுண்ணக்கட்டியை மெல்லத் தேய்த்தால் எழுத்துத் தெளியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும். உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்திய பின்னரே கீழே செல்லல் வேண்டும்.

இனி, எழுத்துக்களின் பொருளைக் காண்போம். ‘பி யு 0310 ஜி’ என்றிருப்பதாகக் கொள்வோம். முதலிரண்டு எழுத்துக்கள் அச்சின் வகையைக் குறிப்பன. 1969 கமாரோவில் ‘பி யு’ எனில், பற்களின் விகிதம் 3.73, ஒரு சக்கரம் வழுக்கினும் மற்றதற்கு விசை செல்லுமாறு அமைந்த ‘பாசிட்ராக்‌ஷன்’ பொறியும் உண்டு. 0310 என்பது மூன்றாம் மாதம் பத்தாம் நாள். ‘ஜி’ என்பது டெட்ராய்ட் நகரத்து அச்சாலை.

ஆண்டு எங்கே? இப்பொறிப்பில் அது இல்லை. நடுக்கூட்டின் வார்ப்பிலே புடைத்து நிற்கும் வேறொரு குறியில் உண்டு. ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என மாதத்தை எழுத்தும், அடுத்து நாளும், ஈற்றில் ஆண்டின் கடைசி இலக்கமும் இருக்கும். ‘சி 3 9’ எனில் 1969 மார்ச் 3. கூடு வார்த்த நாள் முந்தியும், அச்சு பூட்டிய நாள் அதற்குப் பிந்தியும், வண்டி உருவான நாள் அதற்கும் பிந்தியும் வருதல் இயற்கை. இயந்திர அறையின் பின்சுவரில் அடித்த சிறு தகட்டில் ‘03 டி’ என்றிருந்தால், உடற்கூடு மார்ச் நான்காம் வாரத்தது. மூன்றும் ஒத்து வருகின்றன அல்லவா?

எழுத்து இருப்பினும் உள்ளிருக்கும் பற்சக்கரம் மாறியிருக்கக் கூடும். மூடியைத் திறந்து எண்ணினால் கிரவுன் சக்கரத்தில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருத்தல் வேண்டும், வகுத்தால் 3.73 வரும். கியரை நடுநிலையில் வைத்து, நிலத்தைத் தொடாத பின்சக்கரங்களுள் ஒன்றைக் கையாற் சுழற்றினால், மற்றதும் அதே திசையிற் சுழலுவது பாசிட்ராக்‌ஷனின் அடையாளம்.

ஒன்றை மறத்தலாகாது. இயந்திரத்தில் வண்டியின் தொடர் எண்ணின் ஒரு பகுதி உண்டு. பின்னச்சிலோ அது இல்லை. ஆகவே, குறிகள் ஒத்து வந்தால் “இது இவ்வண்டியினதாக இருக்கலாம்” என்றே சொல்ல இயலும்; “இவ்வண்டியினதே” என்று அறுதியிட இயலாது. ஒவ்வாதிருந்தாலோ, “அன்று” எனத் துணிந்து சொல்லலாம். மறுப்பதில் வல்ல சாட்சி, உறுதி கூறுவதில் அடக்கமுடையது. குழாயில் அரவிய கீறல்களும் ஒழுங்கற்ற புத்தெழுத்துக்களும் தென்படின், சாட்சியே பொய்ச்சாட்சி எனக் கொள்க.

மைந்தர் சென்று பார்த்தார். தகட்டில் ‘03 டி’, அச்சிலோ 0610. மார்ச்சில் உருவான வண்டிக்கு ஜூனிற் பிறந்த அச்சு! விற்பவர் பொய்யர் என நாம் கூறோம். அவரும் பிறர் சொல்லை நம்பி வாங்கியவராக இருக்கலாம். மைந்தர் சினந்து பேசாமல், இரு குறிகளையும் அவருக்குக் காட்டினார். அவரும் ஒப்புக்கொண்டு, மிகுவிலையை விடுத்தார். வண்டி இப்போது மைந்தரிடம் உள்ளது; அச்சும் நன்றாகவே ஓடுகிறதாம்.

அன்பர்களே, நிலமாயினும் நகையாயினும் வண்டியாயினும், விற்பவர் வாய்ச்சொல்லைக் கேட்கு முன் பொருள் தன்னைப் பற்றிக் கூறுவதைக் கேளுங்கள். அதற்கு வேண்டுவது சிறிது வெளிச்சமும், கையில் அழுக்குப் படுவதற்கு அஞ்சாமையுமே.