கத்தரிக்கப்பட்ட வேதாகமம்



1807ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. அது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கானது. அதில் யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட சரித்திரம் உண்டு. மோசே பார்வோன் முன் நின்றதும், செங்கடல் பிளந்ததும் இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொன்ன பவுல் உண்டு. கிறிஸ்துவுக்குள் அடிமையும் சுயாதீனனும் ஒன்று என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல் இல்லை.

ஆனால் ஜமைக்கா மக்களின் விடுதலைப் போராட்டம் வேர்விட்டது முழு வேதாகமத்தில்தான். வில்லியம் கேரி 1793இல் இந்தியாவுக்கு வருவதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலையான ஜார்ஜ் லைல் கிங்ஸ்டனில் பிரசங்கித்தார். அவர் தொடங்கிய பாப்டிஸ்ட் ஊழியம் தீவெங்கும் பரவியது.

சாம் ஷார்ப் என்ற அடிமை, மான்டிகோ பே சபையின் உதவிக்காரர், வாசிக்கத் தெரிந்தவர். ஜெபக்கூட்டம் முடிந்தபின் சிலரை இருக்கச் சொல்லி, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொத்தாக முடியாது என்று வேதத்திலிருந்து விளக்கினார். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலியில்லாமல் வேலைக்குப் போவதில்லை என்று அவர்கள் சத்தியம் பண்ணினார்கள். அவர் திட்டமிட்டது வேலைநிறுத்தம். ஆனால் டிசம்பர் 27 அன்று தோட்டங்கள் பற்றியெரிந்தன. அந்தத் தீயை நாம் புகழவில்லை. அதற்கு முன்பே பல தலைமுறைகளாகச் சவுக்கு பேசிக்கொண்டிருந்ததையும் மறைக்கமாட்டோம்.

300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1832 மே 23 அன்று ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. முழு விடுதலை 1838இல் வந்தது. அப்போதும் ஏழைகளுக்கு நிலமும் நீதியும் கிடைக்கவில்லை. 1865இல் மோரன்ட் பேயில் நீதி கேட்டு மக்களை நடத்திச்சென்று உயிர்விட்ட பால் போகிளும் ஒரு உதவிக்காரரே. 1962இல் சுதந்திரம் பெற்ற ஜமைக்கா இவ்விருவரையும் தேசிய வீரர்களாகப் போற்றுகிறது.

அக்காலத்தில் அரசியலில் தலையிடாதிருக்கும்படி மிஷனெரிகளுக்கு அவர்களுடைய சங்கமே சொல்லி அனுப்பியது. இன்று நம் சபைகளிலும் "இதெல்லாம் அரசியல், நமக்கு வேண்டாம்" என்கிறோம். நம் வேதாகமத்தில் எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஆனாலும் ஆசீர்வாத வசனங்களை மட்டும் அடிக்கோடிட்டு, கூலியைப் பிடித்துவைப்பவர்களை யாக்கோபு கண்டிக்கும் அதிகாரத்தைத் தாண்டிப்போனால், நாமும் கத்தரி பிடித்தவர்களே.

அடுத்த வாலிபர் கூட்டத்தில் யாத்திராகமம் முதல் 15 அதிகாரங்களை ஒன்றும் விடாமல் சேர்ந்து வாசிப்போம். வாசித்தபின், நம் ஊரில் கூலி மறுக்கப்படுகிறவர் யார் என்று கேட்போம். பதில் தெரிந்தபின் சும்மா இருக்க நமக்கு மனம் வராதிருப்பதாக.