புதையல் யாருக்குச் சொந்தம்?



கௌபாய் படம் என்றாலே ஆசிரியர்கள் பலரும் முகஞ்சுளிப்பர். குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் மாணவனுக்கு என்ன கற்றுத்தரும் என்பது அவர்தம் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும், கட்டுரைப் பாடத்திற்கு இக்கதைகள் பெரிதும் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

தமிழிலும் இவ்வகைப் படங்கள் உண்டு. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான எம். கர்ணன், ஜெய்சங்கரை நாயகனாகக் கொண்டு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) ஆகியவற்றை இயக்கினார். அவற்றைப் போற்றும் வகையில் சிம்புதேவன் 2010இல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது, கதையில் வரும் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் எனப் பெயர் சூட்டினார். புதையல் வேட்டையும் அதில் உண்டு.

இவற்றிற்கெல்லாம் முன்னோடி இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி. ஸ்பெயின் நாட்டு வறண்ட நிலத்தை அமெரிக்க–மெக்சிகோ எல்லைப்பகுதியாகக் காட்டி, குறைந்த செலவில் 1964இல் தம் முதல் கௌபாய் படத்தை எடுத்தார். 1966இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தில் 2 இலட்சம் டாலர் தங்கம் ஒரு கல்லறையில் புதைந்திருக்கிறது. ஒருவனுக்கு இடுகாட்டின் பெயர் தெரியும். மற்றவனுக்குக் கல்லறையில் உள்ள பெயர் தெரியும். ஒருவனையொருவன் நம்பவும் இயலாது; கொல்லவும் இயலாது. மூன்றாமவனும் அதே தங்கத்தைத் தேடி அலைகிறான். கதைப்பின்னலைக் கற்பிக்க இதைவிட எளிய சான்று வேண்டுமோ? வன்முறை மிகுந்த படமாதலால் சிறுவர்க்குத் திரையிட வேண்டா. கதையை வாய்மொழியாகச் சொன்னாலே போதும்.

ஆனால், அக்கதையில் ஒரு கேள்வியை எவனும் கேட்பதில்லை. அது திருடப்பட்ட இராணுவத் தங்கம். எங்கே இருக்கிறது என்று மூவரும் தேடுகிறார்கள். யாருடையது என்று ஒருவனும் எண்ணுவதில்லை.

நம் மாணவர்களின் கட்டுரைகளும் அப்படித்தான் இருக்கின்றன. 'எனக்குப் புதையல் கிடைத்தால்' என்று தலைப்புக் கொடுத்தால் மாளிகை, மகிழுந்து, வெளிநாட்டுப் பயணம், இறுதியில் அன்பு இல்லத்திற்கு நன்கொடை என்று வரிசை மாறாமல் எழுதுகிறார்கள். புதைத்தவர் யார், இழந்தவர் யார் என்று எழுதுவோர் அரிது. மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருளை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம். அதைக்கூட நாம் சொல்லித் தருவதில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் மனனக் கட்டுரையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஜப்பானியர் புதைத்துவிட்டுப் போன தங்கம் பற்றிய கதைகளை மாணவர்கள் கேட்டிருக்கலாம். அதே ஜப்பானியர் ஆட்சியில், பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டதையும், அவர்களுள் பலர் திரும்பாததையும் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தங்கக் கதை தங்கிவிட்டது. மனிதர் கதை மறைந்து வருகிறது.

நம் ஊர்ப் பெயரிலுள்ள 'ஹுத்தான்' என்பதற்குக் காடு என்று பொருள். காடழித்துத் தோட்டமாக்கிய உழைப்பில் நம் பாட்டன்மாருக்கும் பங்குண்டு. அந்நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த தோட்டப் பள்ளிகளின் வழிவந்தவையே இன்றைய தமிழ்ப்பள்ளிகளுள் பல. 'எங்க பாட்டன் சொத்து' என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, உன் பாட்டன் விட்டுச்சென்றது என்ன என்று கேட்டுப் பாருங்கள். மனனம் செய்த விடை அதற்குக் கிடைக்காது.

ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைப் பாடத்தில் மூன்று வினாக்களை முன்வையுங்கள்:

1. புதைத்தவர் யார்?
2. அதனை இழந்தவர் யார்?
3. கண்டெடுத்தவர் யாரிடம் சொல்ல வேண்டும்?

பெற்றோர்களே, வீட்டில் முதியோர் இருந்தால், அவர்கள் பேசும்போது பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். தோட்டத்துப் பெயர்களையும் அங்கு வாழ்ந்தோர் பெயர்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பின் அவற்றைத் தோண்டி எடுக்க எந்த வரைபடமும் உதவாது.

சிந்திப்போம், செயல்படுவோம்!