மலிவு வண்டியும் சங்கப் பணமும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

பொன்னேரி, மீஞ்சூர் வட்டார விவசாயிகளின் விளைபொருளாயினும், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை நெசவாளர்களின் துணியாயினும், சந்தைக்குச் சென்றாலன்றிப் பணமாவதில்லை. வாடகை வண்டிக்குக் கொடுக்கும் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்த சங்கங்கள், சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி வாங்கினால் என்ன என்று யோசிப்பது இயல்பே. மக்கள் "குட்டி யானை" என்று அழைக்கும் அவ்வண்டி புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதபோது, பழையதை நாடுவதும் குற்றமன்று. காட்டுப்பள்ளித் துறைமுகம் முதல் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வரை சரக்கு வண்டிகள் மலிந்த பகுதி இது. ஆனால் சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் வண்டி ஏன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கேளாமல் வாங்குவது குற்றமே என்பது என் துணிபு.

அவ்விலையின் இரகசியத்தை அங்கத்தினர்கள் அறிய வேண்டும். விபத்திலோ வெள்ளத்திலோ சேதமான வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு, காப்பீடு செய்த மதிப்பில் 75 சதவீதத்திற்கு மேற்பட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதனை முழு நஷ்டமாகக் கொள்வது நம் நாட்டு வழக்கம். நான்கு இலட்சம் மதிப்புள்ள வண்டிக்கு மூன்று இலட்சத்திற்கு மேல் செலவாகுமெனில், சொந்தக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டு, சிதைந்த வண்டி ஏலத்திற்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் பழைய உதிரி பாகங்களைப் பூட்டி, வர்ணம் பூசி, மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருகிறார்.

அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அது சிதைந்து மீண்டது என்ற குறிப்பு பதிக்கப்படுகிறது. நம் பதிவுச் சான்றிதழில் அத்தகைய முத்திரை இல்லை. நிரந்தரமாகப் பயன்படாது போன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்துச் செய்ய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுவது உண்மையே. ஆனால் முழு நஷ்டம் என்பது பணக் கணக்கு. பயன்படாமை என்பது வண்டியின் நிலை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள சந்தின் வழியேதான் சிதைந்த வண்டி பழைய சான்றிதழுடன் திரும்பி வருகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையிலும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. காற்றைப்போல் நீரை அழுத்த முடியாது. ஆகவே நீர் புகுந்த என்ஜினை ஓட்ட முயன்றால் உள்ளிருக்கும் கம்பிகள் வளைந்துவிடும். ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் சூழ்ந்த காட்டுப்பள்ளி போன்ற இடங்களில் உப்பு நீர் பட்டால் கேடு இன்னும் அதிகம். மின்கம்பி இணைப்புகளை உப்பு மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். வாங்கிய மாதத்தில் நன்றாக ஓடிய வண்டி, அடுத்த ஆண்டு சரக்குடன் நெடுஞ்சாலையில் நின்றுவிடும். நூலைப்போலச் சேலை என்பதை நெசவாளருக்குச் சொல்லவும் வேண்டுமோ? இற்ற பாவில் எத்தனை அழகிய கரை போட்டாலும் சேலை நிலைக்காது.

சோதிக்கும் வழிகள் கடினமானவை அல்ல. இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பின் அடியிலும் இருக்கையின் ஆணிகளிலும் துரு காட்டிக்கொடுக்கும். விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம், பால் கலந்த காப்பி நிறத்தில் என்ஜின் எண்ணெய், சட்டத்தில் புதிய பற்றவைப்பு ஆகியவை தென்பட்டால் விலகிவிடுவதே நன்று. விற்பவரின் இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். நஷ்டஈடு கோராத ஆண்டுகளுக்கு 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. பழைய வண்டியின் பத்திரத்தில் அது இல்லையெனில் காரணம் கேட்கலாம். தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் வாதிப்பர். சோதித்த நாளில் வண்டி ஓடத் தக்கதாயிருந்தது என்பதற்கே அது சான்று. வண்டியின் வரலாற்றை அது கூறாது.

இவை எல்லாவற்றினும் முக்கியம், எழுத்தில் கேட்பது. பேசும் கடமை இல்லாதவிடத்து வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தரும் விளக்கம். சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டறிந்திருக்கக்கூடியவர் பிறர் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை விலக்க முடியாது என்கிறது 19ஆம் பிரிவு. ஆகவே, வெள்ளத்தில் மூழ்கியதா, முழு நஷ்டமாகக் கொள்ளப்பட்டதா, கடன் நிலுவை உண்டா என்ற மூன்று வினாக்களுக்கும் கையொப்பத்துடன் விடை பெறுக. அதன்பின் பொய் வெளிப்பட்டால் சங்கத்தின் கையில் ஆதாரம் இருக்கும். விடை தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

ஏழைச் சங்கங்கள் வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். விபத்தில் முன்பக்கம் மட்டும் நசுங்கி, செம்மையாகப் பழுதுபார்க்கப்பட்டு, வரலாற்றை மறைக்காமல் அதற்கேற்ற விலையில் வரும் வண்டியை, சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கையுடன் வாங்குவதை நான் ஆட்சேபிக்கவில்லை. குறைந்த விலை மோசமன்று; மறைக்கப்பட்ட குறையே மோசம். எவ்வாறாயினும் உரிமை மாற்றத்தைத் தாமதிக்கலாகாது. வண்டியை விற்றுக் கைமாற்றிய பின்னும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்டஈட்டிற்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால் சங்கம் தன் பழைய வண்டியை விற்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

முழு நஷ்டமான ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் அக்குறிப்பை ஏற்றச் சட்டம் செய்ய வேண்டும் என்று நம் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புதல் நலம். அதுவரை நம் கண்ணே நமக்குக் காவல். 1904இல் இம்மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலம் முதல், சங்கப் பணம் என்பது பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்கக் கூசும் நிர்வாகக் குழு, பின்னர்ப் பொதுப்பேரவையில் முந்நூறு கேள்விகளுக்கு விடை சொல்ல நேரிடும்.