ஊரே பார்த்த 'பறக்கும் தட்டு'... உத்துப் பார்த்தவரை யாரும் கேட்கல!

பீனிக்ஸ்: வானத்தில் பறக்கும் தட்டு தெரிந்தது என்று ஒருத்தர் சொன்னால், 'ஆளு சரக்கு போட்டிருப்பாரு' என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். முன்பின் பழக்கமில்லாத நூற்றுக்கணக்கான பேர் ஒரே ராத்திரியில் சொன்னால்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1997ம் ஆண்டு மார்ச் 13ம் தேதி அதுதான் நடந்தது. ஹேல்-பாப் வால் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்த சமயம் என்பதால், அன்று ஏகப்பட்ட பேர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இரவு 8 மணியைத் தாண்டியதும் ஆங்கில 'வி' எழுத்து போல சில விளக்குகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போயின. 10 மணி வாக்கில் பீனிக்ஸ் நகருக்குத் தென்மேற்கே இன்னொரு வரிசை விளக்குகள் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. இதை மட்டும் பலர் வீடியோ எடுத்தார்கள்.

இரண்டாவது சமாச்சாரம் சீக்கிரமே வெளுத்துவிட்டது. ஏ-10 போர் விமானங்கள் பயிற்சியின்போது பாராசூட்டில் இறக்கிய வெளிச்சக் குண்டுகள்தான் அவை என்று அந்த வருஷம் ஜூலையில் தெரிய வந்தது. வீடியோவைப் பகலில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தபோது, விளக்குகள் அணையவில்லை, எஸ்ட்ரெல்லா மலைக்குப் பின்னால் இறங்கி மறைந்தன என்பது புரிந்தது.

சிக்கல் அந்த 'வி'யில்தான்.

சாட்சிகள் எதில் ஒத்துப்போனார்கள்?

ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்கள், வேறு வேறு ஊரில் நின்றவர்கள், டிவியில் செய்தி வருவதற்கு முன்பே சொன்னவர்கள். இப்படிப்பட்ட சாட்சிக்குத்தான் மதிப்பு அதிகம். போலீஸ் ஸ்டேஷனிலும் இதே கணக்குதான். நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்து விசாரித்தால் நாலு பேரும் ஒரே கதையைச் சொல்வார்கள்.

அரிசோனாவில் நேரம், திசை, 'வி' வடிவம் மூன்றிலும் சாட்சிகள் கிட்டத்தட்ட ஒத்துப்போனார்கள். ஆக, ஏதோ ஒன்று போனது உண்மை, யாரும் ரீல் விடவில்லை. ஆனால் எவ்வளவு பெரிசு, எவ்வளவு உயரம், எத்தனை விளக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். சிலர் தனித்தனி விளக்கு என்றார்கள். சிலர், நட்சத்திரங்களையே மறைத்த ராட்சதக் கப்பல் என்று அடித்துச் சொன்னார்கள்.

'தலைக்கு மேலே மெதுவா ஊர்ந்து போச்சு' என்பது பலர் சொன்ன சாட்சி. ஆனால் ஊர் ஊராகச் சொன்ன நேரத்தைக் கோர்த்துப் பார்த்தால், சுமார் 320 கி.மீ. தூரத்தை அது அரை மணி நேரத்தில் கடந்திருக்கிறது. மணிக்கு 640 கி.மீ. வேகம்! அந்த வேகத்தில் போவது ஊர்வது போலத் தெரிந்தால், அது ரொம்ப உயரத்தில் பறந்திருக்க வேண்டும். தனித்தனிச் சாட்சிகளால் கிடைத்த உண்மையான லாபம் இந்தக் கணக்குதான்.

அன்று ராத்திரி ஒரு இளைஞர் 10 அங்குல டெலஸ்கோப்பை அந்த விளக்குகள் பக்கம் திருப்பினார். தெரிந்தது விமானங்கள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் அப்போதே சொல்லிவிட்டார். பிறகு வெளியிலும் சொல்லிப் பார்த்தார். யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. விமானம் என்றால் பேப்பர் விற்குமா?

ஆனாலும் அவை எங்கள் விமானங்கள்தான் என்று எந்தப் படைப்பிரிவும் முன்வந்து ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஓட்டையில்தான் பறக்கும் தட்டு இன்றும் ஓடுகிறது.

கவர்னர் கூத்து

அப்போதைய கவர்னர் பைஃப் சைமிங்டன் 1997 ஜூனில் நிருபர்களைக் கூட்டி, 'குற்றவாளி சிக்கிட்டான்' என்று தன் உதவியாளரை வேற்றுக்கிரகவாசி வேஷத்தில், கையில் விலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார். 2007ல் அதே மனுஷன் 'நானும் அதைப் பார்த்தேன்' என்றார். விமானப்படையில் இருந்தவர் என்பதால் செய்தி பறந்தது. ஆனால் ஊர் முழுக்கக் கதை பரவி, பத்து வருஷம் கழித்து வந்த சாட்சியைத் தனிச் சாட்சி என்று எப்படிச் சேர்ப்பது?

கண்ணை மனசு ஏமாற்றுவது புதுசு இல்லை. 1968 மார்ச் 3ம் தேதி ரஷ்யாவின் ஸோண்ட்-4 விண்கலத்தோடு போன பாகங்கள் அமெரிக்க வானில் எரிந்து விழுந்தன. பலர் எரியும் துண்டுகள் என்று சரியாகவே சொன்னார்கள். சிலரோ சுருட்டு வடிவக் கப்பல், ஜன்னல் வரிசை, ஆணி அடித்த தகடு என்று வர்ணித்தார்கள். கான்டன் குழு அறிக்கையில் இது பதிவாகி இருக்கிறது. இருட்டில் நாலு புள்ளி தெரிந்தால், நடுவில் இருக்கும் இடத்தை மூளையே இட்டு நிரப்பிவிடுகிறது.

நாசா அமைத்த குழுவும் 2023 செப்டம்பரில் இதைத்தான் தொட்டது. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, செல்போன் ஆப் மூலம் பல இடத்திலிருந்து ஒரே நேரத்தில் படமும் விவரமும் திரட்டலாம் என்று யோசனை சொன்னது.

1997ல் எல்லார் கையிலும் கேமரா போன் கிடையாது. 'வி' விளக்குகளுக்கு வீடியோ கிடைப்பதே அபூர்வம். கிடைத்த ஒரு பதிவில், விளக்குகளுக்கு இடையிலான தூரம் கூடிக் குறைந்து கொண்டே இருந்தது. ஒரே கப்பல் என்றால் அப்படி மாறாது.