முழங்காலுக்கு ஏற்ற மிதிவண்டி

மூட்டுவலியுடன் வருவோரிடம் "இனி சைக்கிளைத் தொடாதீர்கள்" என்று உறவினர்கள் கூறுவதும், சில வேளைகளில் மருத்துவர்களே கூறுவதும் வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் இவ்வறிவுரை தேவையற்றது என்பதே என் கருத்து. நடக்கும்போது உடலின் எடையை முழங்கால்கள் தாங்குகின்றன. மிதிவண்டியிலோ அதன் பெரும்பகுதியை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. எனவே வண்டியைக் கைவிடுவதற்கு முன், அது நம் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே முறை.

நெய்வேலிக்கு இது சிறிய செய்தியன்று. 1956-இல் நிறுவனம் தோன்றியபின் உருவான இந்நகரியத்தில், முறைப்பணிக்கு மிதிவண்டியில் சென்றுவந்த பலர் இன்று ஓய்வூதியர்கள். வட்டங்களை இணைக்கும் அகன்ற சாலைகள் இன்றும் மிதிவண்டிக்கு ஏற்றவை. அப்பழக்கம் நின்றுவிட்டால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க உதவிய எளிய உடற்பயிற்சி நின்றுவிடுகிறது. பிறர் துணையின்றிக் கடைக்கும் கோயிலுக்கும் சென்றுவந்த தன்னுரிமையும் போய்விடுகிறது.

முதலில் இருக்கையைப் பாருங்கள். அமர்ந்தபடியே இரு பாதங்களையும் தரையில் முழுமையாக ஊன்ற வேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்திவைப்பது நம்மிடையே பரவலான பழக்கம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இதுவே எளிய அளவு.

இருக்கையைச் சரிசெய்த பின்னும் வலி இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கிராங்க். நடு அச்சையும் பெடலையும் இணைக்கும் உலோகக் கை அது. பெரியவர்களின் வண்டிகளில் அதன் நீளம் பெரும்பாலும் 165 முதல் 175 மில்லிமீட்டர். 170-க்குப் பதிலாக 160 பொருத்தினால், பெடல் சுழலும் வட்டத்தின் உச்சி 10 மில்லிமீட்டர் தாழ்கிறது. அடிப்புறம் 10 மில்லிமீட்டர் உயர்வதால் இருக்கையையும் அவ்வளவு உயர்த்தலாம். ஆக, காலை மேலே தூக்கும்போது 20 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. முழங்காலும் இடுப்பும் அந்த அளவுக்குக் குறைவாக மடங்குகின்றன. உயரம் குறைந்தோருக்கும், மூட்டு இறுகியோருக்கும் இது பெரும் ஆறுதல். முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் உடற்பயிற்சி மிதிவண்டியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 110 பாகை மடக்கம் தேவைப்படுகிறது. அதனை எட்டாதோருக்குக் குட்டையான கிராங்க் துணைபுரிகிறது.

குட்டையான கிராங்க் வலுவைக் குறைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற 16 பேர் 120 முதல் 220 மில்லிமீட்டர் வரை ஐந்து நீளங்களில் மிதித்தனர். மிகக் கூடிய வலுவிலும் மிகக் குறைந்த வலுவிலும் இருந்த வேறுபாடு சுமார் 4 விழுக்காடே. ஆனால் கியர் இல்லாத வண்டியில் 170-லிருந்து 160-க்கு மாறினால், பெடலில் சுமார் 6 விழுக்காடு கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளோர் பின்னால் பாரம் ஏற்றாமல், எதிர்க்காற்றில் மெதுவாகச் செல்வது நல்லது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியை 145 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவியும் ஓட்டுகிறார். அவரைவிட நன்கு உயர்ந்த மாணவியும் ஓட்டுகிறார். கிடைத்த நாளிலேயே பிள்ளையின் உயரத்திற்கேற்ப இருக்கையை அமைத்துக் கொடுங்கள். வழங்குவோரும் கிராங்க் நீளத்தில் இரண்டு அளவுகளேனும் வைப்பது நலம்.

முழங்கால் வீங்கினாலோ, மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, ஓய்விலும் வலித்தாலோ, மிதிக்கும்போது மார்பில் வலியோ அழுத்தமோ தோன்றினாலோ கடைக்காரரிடம் அன்று, மருத்துவரிடம் தாமதமின்றி வாருங்கள். மற்றபடி, உங்கள் வண்டியின் கிராங்க் நீளத்தை அளந்து, எந்த நிலையில் கால் வலிக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வண்டி ஓட்டலாமா என்று முடிவு செய்ய எங்களுக்கு அது பெரிதும் உதவும்.